பால்காரர் சொன்ன கேதம்

திருச்சி விமான நிலையத்தில், எதற்காக வந்தீர்கள் என்று கேட்ட அதிகாரியிடம் "ஒப்பாரி வாங்கிட்டுப் போக வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா தவறுனது?"

"பக்கத்து வீட்டு அம்மா. போன வருஷம், மலேசியாவுல."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார். உண்மையைச் சொன்னால் சில சமயம் வேலை சீக்கிரம் முடிகிறது.

நான் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டினேன், கையுறைத் தொழிற்சாலையில் நின்றேன், கத்தாரில் கட்டட வேலைக்காரர்களுக்குச் சமைத்தேன், சிங்கப்பூரில் மாடிப்படி கூட்டினேன். ஓரிடத்தில் இருக்கச் சொன்னால் எனக்குக் கால் அரிக்கும். அதனால் எங்கள் ஊரில் யாருக்கு எங்கே என்ன வேலை இருந்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். இந்த முறை அனுப்பியது பக்கத்து வீட்டு ராமாயி அக்கா.

அவருடைய அம்மா பொன்னாயி திருவெள்ளறையில் பிறந்து, கல்யாணமாகிக் கப்பலேறி எங்கள் தோட்டத்துக்கு வந்தவர். போன வருஷம் இறந்துபோனார். ஒப்பாரி பாட ஊரில் ஆளில்லை. யாரோ ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து பக்திப் பாட்டு போட்டார்கள். சரியாகப் பாடையைத் தூக்கும் நேரத்தில் பாட்டு நின்று, 'பேட்டரி லோ' என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது. ராமாயி அக்காவுக்கு அது இன்னும் ஆறவில்லை. "எங்கம்மாவுக்குக் கடைசியா குரல் கொடுத்தது அந்த இங்கிலீஷ்காரிதான்" என்பார். அடுத்த வாரம் அவருடைய முதல் தெவசம். அதற்குள் அம்மா பிறந்த வீட்டுப் பெண்கள் பாடும் ஒப்பாரியைப் பதிவு செய்து கொண்டுவர வேண்டும். எனக்கு இட்ட வேலை அதுதான்.

எங்கள் ஊர் வாசகர் வட்டம் ஊர் ஊராகப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து எல்லோரும் கேட்கும்படி வைக்கிறது. அவர்களிடம் தீப்பெட்டி அளவு பதிவுக் கருவி ஒன்று இரவல் வாங்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தால் பதிவாகிறது என்று அர்த்தம். "பேட்டரியை மட்டும் பாத்துக்கங்க" என்றார் வட்டத்து வாத்தியார். பார்த்துக்கொள்ள வேண்டியது வேறொன்றும் இருந்ததை அவர் சொல்லவில்லை.

திருச்சி புத்தூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். சுற்றிலும் ஆஸ்பத்திரிகள். லாட்ஜ் முழுக்க நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள். மேனேஜர் பேரேட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"பேஷண்ட் எந்த ஆஸ்பத்திரிலம்மா?"

"பேஷண்ட் யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"அப்ப நீங்கதான் பேஷண்டா? கீழ் ரூமே தர்றேன், படி ஏற வேணாம்."

கட்டிலில் மூட்டைப்பூச்சி இருந்தது. போர்வையை உதறித் தரையில் போட்டுப் படுத்துக்கொண்டேன். கத்தாரில் தகரக் கொட்டகையில் கிடந்தவளுக்குத் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றினால் மாளிகைதான். சாப்பாட்டில்தான் மனம் ஒப்பவில்லை. எங்கள் ஊரில் பரோட்டாவுக்கு ரொட்டிச் சானாய் என்று பேர், அதைக் கையால் இரண்டு தட்டு தட்டிப் பூப்போல வைப்பார்கள். இங்கே அந்தத் தெருமுனைக் கடைக்காரர் நல்ல பரோட்டாவைக் கல்லில் போட்டு, இரண்டு தகடுகளால் தெருவே அதிரும்படி கொத்தினார். பரோட்டா என்ன குற்றம் செய்தது என்று கேட்டேன். "ருசிக்குத்தாங்க" என்றார். சாப்பிட்டேன். குற்றம் செய்திருந்தாலும் ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் ஸ்ரீரங்கம். வாத்தியாருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேச்சைப் பதிவு செய்தால் கருவி கைக்குப் பழகும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். டவுன் பஸ்ஸில் ஏறிக் காசை நீட்டினேன்.

"லேடீஸுக்கு ஃப்ரீம்மா" என்றார் கண்டக்டர்.

"நான் மலேசியாங்க."

"மலேசியாவுல லேடீஸ் இல்லியா? உக்காருங்கம்மா, பின்னாடி ஆளுங்க ஏறணும்."

காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. எல்லோரும் ஆற்றுப் பக்கம் திரும்பி, தண்ணீர் வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கைப்பேசிக்குள் போனார்கள்.

பெரியவர் வாசலிலேயே காத்திருந்தார். "வாங்கோ, வாங்கோ" என்று அழைத்துப்போய் உட்கார வைத்தார். நெற்றியில் திருமண், தோளில் மடித்த அங்கவஸ்திரம். அதுவரை சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் கருவியை எடுத்து வைத்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஸ்வாமி, உக்காந்தே பேசலாம்" என்றேன்.

"மைக் முன்னாடி உக்காந்து பேசினா நன்னாருக்காது" என்றவர் தொண்டையைச் செருமினார். "பேரன்பு கொண்ட பாகவத கோஷ்டிக்கும், கடல் கடந்து எழுந்தருளியிருக்கும் அம்மையாருக்கும் அடியேனின் விக்ஞாபனம்…"

கோஷ்டியில் நானும் ஒரு பூனையும்தான் இருந்தோம்.

முன்பொரு காலம் தெருவுக்குள் வெள்ளம் வந்தபோது, பெருமாள் திருவுள்ளத்தால் தாம் எப்படி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினார் என்பதுதான் விஷயம். அந்தக் குடும்பம் அவருடைய குடும்பம்தான் என்று தெரியவே நெடுநேரமானது. வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியபோது அவர் பேச்சில் முதல் நாள் வெள்ளம் இன்னும் முழங்கால் அளவில்தான் இருந்தது. அவருடைய மனைவி நிலைப்படியில் வந்து நின்றார்.

"அவாளைச் சாப்பிட விடுங்கோ. சாத்தமுது ஆறிண்டிருக்கு."

சாத்தமுது என்றால் ரசம் என்று இலையில் ஊற்றிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று முறை வாங்கிக் குடித்தேன். அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளத்தைப் பத்திச் சொன்னாரா?"

"காப்பாத்தினதா சொன்னார்."

"பரண் மேல ஏறி உக்காந்துண்டு டார்ச் அடிச்சார். அரிசி, பாத்திரம், பால் புட்டி எல்லாத்தையும் ஏத்தினது நான். முதல்ல ரேடியோவை ஏத்துங்கறார். நான் கழுத்து வரைக்கும் தண்ணில நிக்கறேன், 'இன்னும் கொஞ்சம் சாச்சுப் பிடி, ஈரம் படப்போறது'ங்கறார்."

முற்றத்தில் வைத்த கருவியை அந்த அம்மாள் பேச ஆரம்பிக்கும் முன்பே எடுத்து மடியில் வைத்திருந்தேன். நிறுத்த மறந்துபோனேன். அது அந்த அம்மாளையும் கேட்டது, என்னோடு பஸ்ஸில் ஏறிப் பாலத்து நெரிசலையும் கேட்டது, பைக்குள் கிடந்தபடியே கொத்துப் பரோட்டாவையும் கேட்டது. லாட்ஜில் பையைத் திறந்தபோது சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நிறுத்திவிட்டுச் சார்ஜ் போட்டேன்.

மூன்றாம் நாள் துறையூர் பஸ்ஸில் திருவெள்ளறைக்குப் புறப்பட்டேன். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் பக்கத்தில் இருந்த பெண்மணி என் முழு வரலாற்றையும் விசாரித்துக்கொண்டே வந்ததில் நிறுத்தத்தைக் கோட்டைவிட்டேன். வெயிலில் திரும்பி நடந்தேன். கோயில் இருப்பது மொட்டைப் பாறை மேல் என்பதால் வழி தவறவில்லை.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழங்காலக் கேணி. நான்கு பக்கமும் படிகள் இறங்கி, ஒவ்வொன்றும் நடுவே மடங்கித் திரும்புகின்றன. ஒரு படித்துறையில் நிற்பவர் அடுத்த படித்துறையில் நிற்பவரைப் பார்க்க முடியாது. "மாமியாரும் மருமவளும் மூஞ்சியப் பாத்துக்காம குளிக்கலாம்" என்றார் அங்கே நின்ற பூக்கார அம்மா. ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பதற்கு இந்த ஊரில் எப்போதோ கல்லிலேயே வசதி செய்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

பொன்னாயி என்றால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. மலேயா போன அத்தை என்றதும் டீக்கடையில் நாலு பேர் கை காட்டினார்கள். "எந்தப் பாதிக்குப் போகணும்?" என்று ஒருவர் கேட்டார். போய்ப் பார்த்ததும் புரிந்தது. ஒரே வீடு, நடுவில் சுவர், இரண்டு வாசல். பொன்னாயியின் அண்ணனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவர் தனபாக்கியம், இளையவர் மலர்க்கொடி. இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். ராமாயி அக்காவிடம் இருந்தது மூத்தவரின் போன் நம்பர் மட்டுமே. அதனால் கிழக்குப் பாதிக்குப் போனேன்.

தனபாக்கியம் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, மோர் கொடுத்து, ராமாயியின் பிள்ளைகள் வரை விசாரித்தார். நான் கருவியை எடுத்து வைத்து விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வைக்கிற வீட்டுல ஒப்பாரி பாடச் சொல்றீங்களே, நல்லாருக்கா? மொதல்ல அதை மூடி உள்ள வைங்க."

மூடி உள்ளே வைத்தேன். "வயக்காட்டுப் பக்கம் போய்ப் பாடுவீங்களா?"

"எங்க போனாலும் ஒத்தையா எப்புடிப் பாடறது? கட்டிப்புடிச்சு அழ ஒரு ஆள் வேணும். ஒத்தையா அழுதா அதுக்குப் பேரு ஒப்பாரி இல்ல, சளி."

"தங்கச்சி இருக்காங்களே?"

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சுவரைப் பார்த்து உயர்த்தினார். "இருக்கா, இருக்கா. அத்தை செத்ததுக்கு ஒரு சொட்டு கண்ணீர் விடாதவ இருக்கா!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாருக்கோ சொல்வதுபோல் ஒரு குரல் வந்தது. "கேதம் சொல்ற முறை தெரியாதவங்க வீட்டுல மோர் குடிச்சா வயித்தக் கலக்கும்!"

டம்ளரில் மீதியிருந்த மோரை மெல்லக் கீழே வைத்தேன்.

இழவுச் செய்தியை நேரில் வந்து சொல்வதுதான் கேதம் சொல்வது. பொன்னாயி இறந்த செய்தி போனில் அக்காவுக்கு வந்தது. அன்றைக்குப் பார்த்து முட்டி வீங்கியிருந்ததால், அக்கா அதைப் பால்காரரிடம் சொல்லி அனுப்பினார். பால்காரர் அரை லிட்டர் ஊற்றிவிட்டு, "மலேயா அத்தை போயிட்டாங்களாம், நாளைக்குப் பால் வேணுமா?" என்று தங்கையைக் கேட்டிருக்கிறார். தங்கை அழ மறுத்துவிட்டார். முறையாகச் சொல்லாத சாவுக்கு எப்படி அழுவது? தங்கை வராததால் அக்காவாலும் அழ முடியவில்லை. ஆக, பொன்னாயிக்குக் கடலுக்கு அந்தப் பக்கமும் ஒப்பாரி இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை.

"நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஒரு சுவர்தானே?" என்றேன்.

"இப்பப் போயி என்னன்னு சொல்றது? போன வருஷம் செத்தவங்க இந்த வருஷமும் செத்துட்டாங்கன்னா?"

வெறுங்கையோடு புத்தூருக்குத் திரும்பினேன். ராமாயி அக்கா குரல் செய்தி அனுப்பியிருந்தார். "கெடச்சுச்சா? கெடைக்கலன்னாலும் பரவால்ல, பத்திரமா வந்து சேரு." பரவாயில்லை என்று சொன்ன குரலில்தான் தூக்கம் போனது.

நான்காம் நாள் மேற்குப் பாதிக்குப் போனேன். மலர்க்கொடி அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கருவியின் பொத்தானைப் பைக்குள்ளேயே அழுத்திவிட்டு நின்றேன்.

"யாருங்க, என்ன விஷயமா வந்தீங்க?" என்றார். நேற்று மோர் குடித்தவள் நான்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் என்னை அறிமுகம் செய்துகொள்வதாக நினைத்துச் சொன்னேன். "மலேசியாவுலேர்ந்து வர்றேங்க. உங்க அத்தை பொன்னாயி அம்மா தவறிட்டாங்க. அவங்க மக ராமாயி சொல்லி அனுப்பினாங்க."

முறம் கீழே விழுந்து உளுந்து சிதறியது. மலர்க்கொடி அம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டார். அடுத்து வந்த குரல் அந்த உடம்பிலிருந்து வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"நாலு வழிக் கேணியில நாலு பக்கம் தேடினேன், அத்தே
நீ நனைச்ச படியிருக்கு, நனைச்ச காலு எங்கத்தே!"

அப்போதுதான் நான் செய்தது என்னவென்று உறைத்தது. கடல் தாண்டி நேரில் வந்து முறையாகக் கேதம் சொல்லியிருக்கிறேன்.

அழுகுரல் கேட்டால் வராமல் இருக்க முடியாது. சுவரைச் சுற்றிக்கொண்டு, முட்டியைப் பற்றிய நினைப்பே இல்லாமல், தலையை விரித்துப் போட்டபடி தனபாக்கியம் அம்மா ஓடி வந்தார். தங்கையின் பக்கத்தில் உட்காரப் போனவர் கடைசி நொடியில் என்னைப் பிடித்து நடுவில் இழுத்துப் போட்டார். ஆளுக்கொரு தோளில் சாய்ந்துகொண்டார்கள். சுவர் இல்லாத இடத்தில் நான் சுவரானேன்.

"கப்பலுக்குப் போகையில கையசைச்ச அத்தை நீ
காத்துக்கும் சொல்லாம கண்ணசந்து போனியே!"

தங்கை நிறுத்திய இடத்தில் அக்கா எடுத்தார், அக்கா மூச்சு வாங்கிய இடத்தில் தங்கை எடுத்தார். என் இரண்டு தோளும் நனைந்தன. பொன்னாயி அம்மா ஒருநாள் எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தது ஞாபகம் வந்து நானும் அழுதேன். வாசலில் ஊரே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னிடம் குனிந்து கேட்டார்.

"எப்பம்மா எடுக்கறாங்க?"

"போன வருஷமே எடுத்தாச்சுங்க."

அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார்.

எல்லாம் ஓய்ந்து, இருவரும் மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு கருவியை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. கருவியில் இடம் தீர்ந்து போயிருந்தது. ஸ்ரீரங்கத்து வெள்ளமும், காவிரிப் பாலத்து ஹாரனும், கொத்துப் பரோட்டாவும் சேர்ந்து அதை விளிம்பு வரை நிரப்பிவிட்டன; மிஞ்சிய துளி இடமும் வாசலில் நான் பேசிய பேச்சுக்கே போய்விட்டது. பொன்னாயியின் ஒப்பாரிக்கு ஒரு விநாடிகூட மிச்சமில்லை.

"இன்னொரு தடவ பாடுவீங்களா?" என்று கேட்டேன்.

ஒரு வருஷமாகப் பேசாத இருவரும் அந்த விநாடி ஒன்று சேர்ந்துகொண்டார்கள்.

"ஒப்பாரிக்கு ஒன்ஸ்மோர் கேக்குறாங்க பாரு" என்றார் அக்கா.

"விசிலும் அடிப்பாங்க போல" என்றார் தங்கை.

"ராமாயி அக்கா காத்துக்கிட்டிருக்காங்க" என்றேன். "ஸ்பீக்கர் வச்சு அம்மாவ அனுப்பிட்டோம்னு வருஷம் பூரா பொலம்பியிருக்காங்க. நான் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்?"

தனபாக்கியம் அம்மாவின் குரல் இறங்கியது. "வேணும்னா பாடற பாட்டா இது? அழுது முடிச்சாச்சு. இன்னும் அழாதவங்க யாராச்சும் வந்து வாசல்ல நின்னா, அவங்களக் கட்டிக்கிட்டு மறுபடி அழுவோம். அதான் முறை."

இன்னும் முறையாக அழாதவர் ஒருவர் இருந்தார். கைப்பேசியை எடுத்து ராமாயி அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் கையில் கரண்டியோடு திரையில் வந்தார். பின்னால் குக்கர் கூவியது.

"யாரு அது பின்னாடி?" என்றார்.

"உங்கம்மா பொறந்த வீட்டுக்கு வந்திருக்கீங்கக்கா. வாசல்ல நிக்கிறீங்க."

கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. நான் கைப்பேசியை நீட்டிப் பிடித்தேன். திரைக்குள் ஒருவர்தான் அடங்கினார். "கிட்ட வாங்க, இன்னும் கிட்ட" என்றேன். இரண்டு தலைகளும் ஒட்டின. நடுவில் நான் இல்லாததை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"வாடி ராமாயி!" என்று தங்கை எடுத்தார். "வாசலுக்கு வந்தவளே, வழிகேட்டு வந்தவளே…"

எங்கள் ஊர் சிக்னல் எப்போதும் கொஞ்சம் தாமதம். அக்காவும் தங்கையும் ஒரு அடியை முடித்து மூச்சு வாங்கும்போதுதான் ராமாயி அக்காவின் குரல் வந்து சேர்ந்தது. முறை தெரிந்தவர்போல் சரியான இடத்தில் விழுந்தது. அவருக்கு ஒப்பாரி பாட வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

"பால்மரத்து நெழலிலே படுக்க வச்சேன், அண்ணியரே
பாட ஒரு ஆளில்லாம பறிகொடுத்தேன், அண்ணியரே!"

பதிவு செய்வதைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தாலும் கை காலியாக இல்லை.

கடைசியில் ராமாயி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெவசத்துக்கு ஸ்பீக்கர் வேணாம்" என்றார். "நானே பாத்துக்கறேன்." பிறகு என்னைத் தேடினார். "நீ சாப்புட்டியா?"

சாப்பிடுவதற்கு முன் குளிக்க வேண்டியிருந்தது. இழவுக்கு அழுத மூவரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் அடுப்படிக்குப் போகக்கூடாதாம். மலர்க்கொடி அம்மாவின் புடவை எனக்குக் கணுக்கால் வரைதான் வந்தது. கிழக்குப் பாதியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பும் மேற்குப் பாதியிலிருந்து கீரையும் வந்தன. எது ருசி என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட்டேன்.

ஸ்ரீரங்கத்து அம்மாளுக்குப் போன் செய்து, அவர் பேச்சும் பதிவாகிவிட்டது, வாசகர் வட்டத்தில் போடலாமா என்று கேட்டேன். "தாராளமாப் போடுங்கோ" என்றார். "ஆனா ஆத்துக்காரர் பேச்சு முடிஞ்சப்புறம் போடுங்கோ. அது வரைக்கும் யாரும் கேக்கமாட்டா." ஆக, எங்கள் ஊருக்கு நான் கொண்டுபோவது அந்த வெள்ளம்தான்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். சகோதரிகள் அவரவர் வாசலில் நின்றார்கள். நடுவில் சுவர் அப்படியேதான் இருந்தது. நான் தெருமுனையில் திரும்பும்போது, அக்கா தெருவைப் பார்த்தபடி கேட்டது காதில் விழுந்தது.

"எனக்கும் வயசாவுது. நாளைக்கு நான் செத்தா உனக்கு யாருடி கேதம் சொல்லுவா?"

தங்கை சிதறிய உளுந்தைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"நீயே வந்து சொல்லு. பால்காரர்கிட்ட மட்டும் சொல்லி விட்டுறாத."